'முடியாது' என்பதை அளந்து பார்த்தவர்கள்



தொழில்நுட்ப முன்னோடிகளைப் பற்றி நம் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். இளைஞர்களுக்கு ஊக்கம் தரும்படி இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை. நான் எழுத்தாளன் அல்லன். மதுரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பாலங்களோடும் தண்டவாளங்களோடும் பழகி, ஓய்வு பெற்ற பிறகு மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவன். ஆகவே புத்தகத்தில் படித்ததோடு, கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையோடு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கராஜ் உள்ளவர்களுக்கு மட்டுமா?

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறு மாலைகளில் வரும் பையன்களில் ஒருவன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பவன். அப்பா பஜாரில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்ற குறை அவன் மனத்தில் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வளைகுடா நாட்டுக்கு ஹெல்பராகப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று ஆப்பிள் கம்பெனி தொடங்கிய கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்: "கதை நல்லா இருக்கு அங்கிள். ஆனா எங்க வீட்ல கராஜும் இல்ல, காரும் இல்ல. நான் எங்க போய்க் கண்டுபிடிக்கிறது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

முன்னோடிகளின் கதைகளை நாம் சொல்லும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. மேதை ஒருவன் ஒரு நாள் கராஜுக்குள் போனான், மறுநாள் உலகத்தையே மாற்றும் பெட்டியோடு வெளியே வந்தான் என்பது போலச் சொல்லிவிடுகிறோம். ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக்கே 2014-ல் ஒரு பேட்டியில் அந்தக் கராஜ் கதையில் கற்பனை கலந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வரைந்ததும், சிப்புகளைச் சேர்த்துச் சால்டரிங் செய்ததும் பெரும்பாலும் தாம் வேலை பார்த்த ஹ்யூலெட் பக்கார்டு கம்பெனியில் தம்முடைய மேஜையில்தான் என்றார். அதாவது, அவரும் ஒரு சம்பளக்காரர். கையில் இருந்த வேலையின் பக்கத்திலேயே புது வேலையையும் செய்தவர்.

என்னைக் கேட்டால் முன்னோடி என்பவருக்கு ஒரு எளிய இலக்கணம் உண்டு. எல்லோரும் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் நின்று, எது முடியாது, எவ்வளவு முடியாது, ஏன் முடியாது என்று அளந்து பார்த்தவர் அவர். அளப்பதற்குக் கராஜ் வேண்டியதில்லை. இதற்கான சான்று கடல் கடந்து எங்கும் இல்லை. நம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றால் எதிரே தெரிகிறது.

எதிரே தெரியும் தீவு

வில்லிங்டன் தீவைத்தான் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள், இது ஆதிகாலம் முதல் இருக்கும் தீவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதில் பெரும்பகுதி தண்ணீர்.

1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் சங்கப் புலவர்கள் பாடிய முசிறிப் பக்கம் தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அன்று முதல் கொச்சி பெரிய வாணிகத் துறையாக இருந்தது. ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே கடலடியில் ஒரு மணல்மேடு குறுக்கே கிடந்தது. மணல் என்றுதான் பெயர். இறுகி இறுகிப் பாறை போல் ஆகியிருந்தது. எட்டு, ஒன்பது அடிக்கு மேல் ஆழம் தேவைப்படும் கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போடும். மட்டாஞ்சேரி கிட்டங்கிகளிலிருந்து மிளகும் இஞ்சியும் கொப்பரையும் கயிறும் வள்ளங்களில் ஏறி, அலையில் தத்தளித்துப் போய்க் கப்பலில் சேரும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த வேலையும் பெரும்பாடு.

மணல்மேட்டை வெட்டினால் என்ன? இந்தக் கேள்வி புதிதல்ல. முன்பே வந்து பார்த்த நிபுணர்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல: மேட்டை எடுத்தால் கடல் நேராக வந்து வைப்பீன் கரையை அரித்துவிடும்; வேம்பநாட்டுக் காயலுக்குக் கேடு வரும்.

1920-ல் சென்னை மாகாண அரசு ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய என்ஜினீயரைக் கொச்சிக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். வந்தவுடன் அவர் மண்வெட்டியைத் தூக்கவில்லை. பருவக்காற்றின் வேகம், அலை வந்து மோதும் திசை, நீரோட்டம் மணலை எங்கிருந்து எடுத்து எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தார். முன்னவர்களைப் பழிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், அவர்கள் சொன்ன ஒவ்வொரு அச்சத்தையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார்.

வைப்பீன் கரை அரிக்கும் என்றார்களா? அதற்கு அவர் கண்ட வழி, கரைக்கு இணையாகக் கருங்கல் தடுப்புகள். ஒன்றின் நுனியை அடுத்தது தாண்டி நிற்கும்படி அமைத்தால், மழைக்காலத்தில் சீறி வரும் அலை கல்லில் வேகம் இழந்து, தான் சுமந்து வரும் மணலை அங்கேயே இறக்கிவிடும். கரையை அரிக்க வந்த கடலே கரையைக் கட்டிக் கொடுக்க வேண்டும்! பகைவனையே கூலிக்கு அமர்த்தும் யோசனை இது.

அடுத்தது பணமும் ஒப்பந்தமும். அந்நாளில் ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சியில், மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜா ஆட்சியில், சற்றுத் தெற்கே போனால் திருவிதாங்கூர். இவர்களுக்குள் சுங்க வருமானத்தைப் பங்கு போடுவதில் பேச்சு நீண்டு, 1925-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. 1926 மே மாதம் 'லார்டு வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு இருபது மணி நேரம் ஓடினால்தான் வேலை குறித்த காலத்தில் முடியும் என்ற கணக்கு. சுமார் 450 அடி அகலத்தில், மூன்றரை மைல் நீளத்தில் கடலுக்குள் கால்வாய் வெட்டும் திட்டம் அது. 1928-ல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

தோண்டிய மண்ணை என்ன செய்வது? அதையே கொண்டுபோய், வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டி, சுமார் 780 ஏக்கர் புது நிலம் ஆக்கினார்கள். துறைமுகமும், அலுவலகங்களும், பிறகு ரயில் நிலையமும் அந்த நிலத்தின் மேல்தான் எழுந்தன. 1936-ல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிரிஸ்டோ 1941-ல் ஊர் திரும்பினார். இருபத்தொரு ஆண்டுகள் ஒரே வேலை! இன்றைய பிள்ளைகள் இருபத்தொரு மாதத்தில் மூன்று கம்பெனி மாறுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பிரிஸ்டோ வெள்ளைக்காரர், வெள்ளைக்கார அரசின் வாணிகத்துக்காக வந்தவர் என்பது உண்மைதான். தூர்வாரும் கப்பலில் இரவும் பகலும் உழைத்தவர்களின் பெயர்கள் அவர் பெயரைப் போல நிலைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு "முடியாது" என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் விடை தேடிய அந்த முறை எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

விரல் நுனியில் ஒரு பாடம்

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இரும்புப் பாலங்களில் வெல்டிங் கிடையாது, எல்லாம் ரிவெட். ஒரு ரிவெட் இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிறிய சுத்தியலால் ரிவெட் தலையின் ஒரு பக்கம் தட்ட வேண்டும். அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்திருக்க வேண்டும். இறுகிய ரிவெட் கல் போல இருக்கும். தளர்ந்தது விரல் நுனியில் ஒரு சிறு துடிப்பைக் காட்டும். காயல் காற்றில் உப்பு இருப்பதால் நம் பகுதிப் பாலங்களில் இந்த வேலைக்கு ஓய்வே இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கலாசி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். "சத்தத்தை மட்டும் நம்பாதே தம்பி, விரலையும் கேள்" என்பார். என் டிப்ளமாப் பாடப் புத்தகத்தில் இருந்த வாக்கியம் அவர் விரலில் உயிரோடு இருந்தது. பிற்காலத்தில் பெரிய பெரிய என்ஜினீயர்களின் வரலாறுகளைப் படித்தபோது, அவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது: காதால் கேட்டதோடு நிற்காமல், தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தவர்களிடம் போய்க் கேட்டும் இருக்கிறார்கள். அதற்கு மிகச் சிறந்த சான்று நம் தமிழ்நாட்டுக் கடலில், பாம்பனில் நடந்தது.

46 நாள்

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டது. பயணிகளும் ஊழியர்களுமாக நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 சரிந்து கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது.

பாலத்தைச் சீராக்க ஆறு மாதம் என்று முதலில் குறித்தார்கள். பிறகு மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது என்ஜினீயர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தான் பாலக்காட்டுக்காரரான ஈ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ, நம் கொச்சி மெட்ரோ என்று நாடறிந்த பெயர். கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைவராக அவர் இருந்தபோதுதான், 1981-ல், அத்தளத்தின் முதல் கப்பலான 'ராணி பத்மினி' நீரில் இறங்கியது.

அத்தனை கர்டர்களையும் புதிதாகச் செய்து கொண்டுவருவது என்றால் எவ்வளவு காலம் ஆகும் என்பது பட்டறை வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது மீனவர்கள் சொன்ன செய்தி. விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். எஃகு கர்டர் கடலில் விழுந்தால் ஒழிந்துபோனதாகத்தான் பொதுவாக எண்ணுவோம். ஸ்ரீதரன் அப்படி எண்ணிவிடாமல் அவற்றைத் தேடிப் பார்த்து, மேலே தூக்கி, பயன்படக் கூடியவற்றை மறுபடியும் தூண்கள்மேல் ஏற்றும் வழியை மேற்கொண்டார். மூன்று மாத வேலை 46 நாளில் முடிந்து, ரயில் மறுபடியும் ராமேசுவரத்துக்குப் போனது.

இந்தக் கதையை எல்லோரும் வேகத்துக்காகச் சொல்வார்கள். நான் வேறொன்றுக்காகச் சொல்கிறேன். படித்த என்ஜினீயர் ஒருவர், படிக்காத மீனவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கடலடியில் என்ன கிடக்கிறது என்று கடலில் பிழைப்பவனுக்குத்தானே தெரியும்! "முடியாது" என்பதை அளக்கும் கோல் சில சமயம் நம் கையில் இருக்காது. பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கத் தெரிவதும் ஒரு பொறியியல்தான்.

அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், லிஃப்ட் போல அப்படியே நேராக மேலே எழும்புகிறது. ராமேசுவரம் போகிறவர்கள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, இந்த இரண்டு பாலங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

வைக்கத்தில் ஒரு கட்டுமரம்

இதெல்லாம் பழைய காலம், இப்போது புதிதாக என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கக் கூடும். நம்மிடமிருந்து அதிக தூரம் இல்லை, வைக்கம். தமிழர்களுக்கு வைக்கம் என்றால் 1924-ஆம் ஆண்டுப் போராட்டமும் பெரியாரும் நினைவுக்கு வரும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற படகு ஓடுகிறது. சூரிய ஒளியில் ஓடும் நாட்டின் முதல் பயணிப் படகு அது. 75 பேர் போகலாம். உருவாக்கியது கொச்சியைச் சேர்ந்த ஒரு கம்பெனி. அதன் நிறுவனர் சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்தவர்.

வெயிலை நம்பி இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு படகு போகுமா என்ற சந்தேகம் நியாயமானதே. கூரை முழுவதும் சோலார் பலகை வைத்தாலும் கிடைக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அங்கேதான் கணக்கின் அழகு. சக்தியைக் கூட்ட வழி இல்லையா, தேவையைக் குறை! படகின் எடையைக் குறைத்தார்கள். தண்ணீரைக் கிழித்துப் போகும் உடலை ஒல்லியான இரண்டாகப் பிரித்து, மேலே ஒரு தளத்தால் இணைத்தார்கள். எதிர்ப்பு குறைந்தது, சிறிய மோட்டார் போதுமானதாயிற்று. இந்த இரட்டை உடல் படகுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் 'கட்டமரான்'. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மேலே சொன்ன அந்தத் தம்பியை ஒரு விடுமுறை நாளில் அந்தப் படகில் அழைத்துப் போனேன். பயணிகள் உட்காரும் இடத்தில் அவன் உட்காரவே இல்லை. மோட்டார் எங்கே, பாட்டரி எங்கே, எத்தனை மணிக்கு ஒரு முறை சார்ஜ் என்று படகுக்காரர்களைத் துளைத்து எடுத்துவிட்டான். திரும்பி வரும்போது, "இதுக்கெல்லாம் சர்வீஸ் பண்ண ஆள் வேணும்ல அங்கிள்?" என்றான். வேணும் என்றேன். படிப்பை விடும் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை. இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான்.

டிப்ளமாக்காரர்களுக்கு ஒரு தைரியம்

பட்டம் இல்லை, டிப்ளமாதான் என்று கூசுகிற பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொல்வது என் வழக்கம். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதுபோன்ற வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றியிருப்பார் என்றுதானே நினைப்போம்? பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்! கழற்றி, மாட்டி, எது எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்குத் திருப்தி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்துக் கம்பெனிக்கு உரிமையாளர் ஆனார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவரே முன்நின்றார். பொறியியல் படிப்பை இத்தனை ஆண்டுகள் இழுக்க வேண்டியதில்லை, கைவேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் விரைவில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். யார் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பாலத்தின் வலிமையைக் கணக்கிட ஆழ்ந்த படிப்பு வேண்டும் என்பதை அறிந்தவன் நான். ஆனால் கணக்கும் கையும் பிரிந்து நின்றால் இரண்டும் நொண்டி என்பதையும் அறிந்தவன்.

முடிந்துபோகாத வேலை

முன்னோடிகளைப் புகழும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர்கள் செய்துவிட்டுப் போன எதுவும் தானாக நிற்பதில்லை. பிரிஸ்டோ வெட்டிய கால்வாயில் மணல் இன்றும் வந்து சேர்கிறது. துறைமுகம் ஓயாமல் தூர் வாரிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சிக்குத் தெற்கே செல்லானம் கரையில் மீனவர் வீடுகளுக்குள் மழைக்காலம் தோறும் கடல் புகுந்த துயரம் நமக்குத் தெரியும். கரையோர மணல் ஓட்டம் தடைப்படுவதற்குத் துறைமுகக் கால்வாயும் ஒரு காரணம் என்று வல்லுநர்கள் கருதுகிறார்கள். பழைய நிபுணர்கள் அஞ்சியதில் ஒரு பங்கு வேறோர் இடத்தில் தலைகாட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். 2022-ல் அங்கே டெட்ராபாட் என்னும் நான்கு கால் கான்கிரீட் கற்களை அடுக்கிக் கடல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். சுவர் எழுந்த பகுதியில் மக்கள் ஓரளவு நிம்மதி அடைந்தார்கள்.

இதனால் பிரிஸ்டோ சிறியவர் ஆகிவிடவில்லை. அவர் அளந்தது வைப்பீன் வரை; அதற்கு அப்பால் அளப்பது பின்னால் வந்தவர்களின் கடமை. ஒரு தலைமுறையின் விடை, அடுத்த தலைமுறைக்குக் கேள்வியாக வந்து நிற்கும். அதனால்தான் புது என்ஜினீயர்களுக்கு ஒரு நாளும் வேலை இல்லாமல் போகாது என்று நான் துணிந்து சொல்கிறேன்.

பெயர் தெரியாதவர்கள்

பெயர் நிலைத்தவர்களைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். நம்மைச் சுற்றிப் பெயர் தெரியாத முன்னோடிகளும் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சிச் சீனவலையை ஒரு முறை என்ஜினீயர் கண்ணோடு பாருங்கள். அவ்வளவு பெரிய மரச்சட்டத்தையும் வலையையும் நாலைந்து பேர் இறக்கி ஏற்றுகிறார்கள். பின்பக்கம் கயிறுகளில் கட்டித் தொங்கும் கற்கள்தான் எதிர் எடை. கயிறுகள் ஒரே நீளத்தில் இல்லை. வலை ஏற ஏறக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளத்தில் உட்காரும். எந்த நிலையிலும் துலாம் சமமாக நிற்கும். இதைக் கணக்கிட்டவர் யார்?

வேளியில் நம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் தோபிகானாவுக்குப் போய்ப் பாருங்கள். துணி காயும் கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி பறக்காது; துரு ஏறும் கம்பி இல்லாததால் வெள்ளைத் துணியில் கறையும் படாது. இதற்குக் காப்புரிமை வாங்கியவர் யாரும் இல்லை. தாத்தா செய்தார், அப்பா செய்தார், பிள்ளை செய்கிறான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். இந்த ஆண்டு தூரத்துக்குப் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனவலை, தோபிகானா, வில்லிங்டன் தீவு என்று ஒரு சுற்றுப் போவோம். மாலையில் வாட்டர் மெட்ரோவில் காயலைக் கடந்து வருவோம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு நோட்டும், ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். பார்த்ததை வரையட்டும், அளக்கட்டும், அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்கட்டும். அவர்கள் எழுதி வருவதில் நல்லவற்றை அடுத்த மலரில் வெளியிடுவோம். வழிகாட்டியாக வர நான் தயார்; முழங்கால் வலிதான் கொஞ்சம் உண்டு, அதற்காகப் படிக்கட்டு வரும் இடங்களில் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது கழற்றிப் போட்டால் உடனே திட்டாதீர்கள். மறுபடியும் மாட்டிக் காட்டு என்று மட்டும் சொல்லுங்கள்.